சட்டைப்பையில் இருந்த சாவி

அன்புள்ள அக்காவுக்கு,

தம்பி எழுதுகிறேன். உன் புது வேலையும் அந்த ஊர்க் குளிரும் எப்படி? இங்கே எல்லோரும் சுகம். நீ அனுப்பிய கம்பளிச் சட்டையைக் கழற்ற மாட்டேன் என்று சின்னவள் ஒரே அடம். வேர்த்து ஒழுகுகிறது, சொன்னால் கேட்டால்தானே.

போனில் பேசினால் நான் கத்துவேன், நீ வைத்துவிடுவாய். அதனால்தான் கடிதம். கடைசிவரை படி.

நம் வானாய்வுக்கூட டைரக்டர் உனக்கு எழுதியிருப்பார், யாரோ ஒருவரின் வீண் பயத்தால் வானத்தில் எங்கோ தொலைவில் நடந்த காமா கதிர் வெடிப்பு ஒன்று படம் பிடிக்காமலே கைநழுவிப் போனது என்று. அந்தப் பயந்தாங்கொள்ளி நான்தான்.

செவ்வாய்க்கிழமை இருட்டுகிற நேரம். தொலைநோக்கிக்கு அடியில் மோட்டார் ஒன்று முனகுகிறது என்று அத்தான் உள்ளே போனார். நீ இங்கே வேலை பார்த்தபோது வைத்த வழக்கம்தான்: உள்ளே போகிறவர் சுவரில் இருக்கும் சாவியை உருவிச் சட்டைப்பையில் போட்டுக்கொள்ள வேண்டும். சாவி திரும்பி வரும்வரை தொலைநோக்கி அசையாது. தானாகத் திரும்புகிற இயந்திரத்துக்கு ஆள் நிற்பது தெரியுமா என்ன, நசுக்கிவிடாதா?

அவர் போன கொஞ்ச நேரத்தில் செயற்கைக்கோளிலிருந்து தகவல் வந்தது. வெடிப்பு, நம் தலைக்கு மேலேயே. வானத்தில் ஒரு பொட்டு மேகம் இல்லை. தொலைநோக்கியைத் தானாகத் திருப்ப நீ எழுதிய கணினி நிரல் முழித்துக்கொண்டு, சாவி இல்லை என்று திரையெல்லாம் சிவப்பாகக் காட்டியது. வெடிப்புக்குப் பின்னால் வருகிற வெளிச்சம் பார்த்துக்கொண்டிருக்கும்போதே மங்கிவிடும். அதைப் பிடிக்கத்தானே இத்தனை வருஷமாக நாயாய் அலைகிறோம்! வாக்கிடாக்கியில் அத்தானைக் கூப்பிட்டேன். பதில் இல்லை. மறுபடி கூப்பிட்டேன், வெறும் கரகரப்பு. விழுந்து கிடக்கிறாரோ, ஷாக் அடித்துவிட்டதோ என்று என்னென்னவோ தோன்றியது.

அதற்குள் டைரக்டர் மேஜைப் போனில் வந்துவிட்டார். பின்பக்கப் பெட்டியைத் திறந்து இரண்டு ஒயரைச் சேர்த்துவிடு, சாவி இல்லாமலே திரும்பும் என்றார். உள்ளே ஆள் இருக்கிறார் என்றேன். இருந்தால் பதில் சொல்லியிருக்க மாட்டாரா என்று கேட்டார்.

"பதில் வரலைங்கிறதாலதான் சார் நான் தொட மாட்டேங்கிறேன்" என்று சொல்லிப் போனை வைத்துவிட்டு ஓடினேன்.

டார்ச்சை அடித்துக்கொண்டு இண்டு இடுக்கெல்லாம் தேடினேன். ஏணியடியில் வாக்கிடாக்கி மட்டும் கிடந்தது. தொண்டை கிழியக் கத்திக்கொண்டு வெளியே வந்தால், தண்ணீர்த் தொட்டிப் பக்கமிருந்து மனுஷன் செல்போனைக் காதில் வைத்துச் சிரித்தபடி வருகிறார். அங்கேதான் சிக்னல் கிடைக்குமாம். உன்னோடுதான் பேசிக்கொண்டிருந்தார். சாவி அவர் பையில். எனக்கு அவரைக் கட்டிப்பிடிப்பதா அறைவதா என்று தெரியவில்லை.

கூரையைத் திறந்து தொலைநோக்கியைத் திருப்பியபோது அங்கே வெளிச்சம் ஒன்றும் மிச்சமில்லை. வேறு நாட்டுக்காரர்கள் அதைப் படம் பிடித்துவிட்டார்கள். அத்தான் அன்றிலிருந்து சரியாகச் சாப்பிடுவதில்லை. என்னை வேலையிலிருந்து நிறுத்தி வைத்திருக்கிறார்கள். அது கிடக்கட்டும்.

கூப்பிட்டுப் பதில் வராவிட்டால் சாவி இல்லாமலே திரும்பும்படி நிரலை மாற்றித் தரச் சொல்லி உன்னைக் கேட்டார்களாம். அவர் வெளியேதானே இருந்தார், செய்து தருகிறேன் என்று நீயும் சொன்னாயாம். கேட்டதும் எனக்குக் கோபம் தலைக்கேறிவிட்டது, அக்கா. மன்னித்துக்கொள்.

அவர் வெளியே இருந்தது உனக்குத் தெரியும், அவர் குரல் உன் காதில் இருந்தது. என் காதில் கரகரப்பு மட்டும்தான். அடுத்த மாதம் தொலைநோக்கிக் கண்ணாடியைக் கழுவ அவர் மறுபடி உள்ளே போகிறார். அன்றைக்கும் நான் கூப்பிட்டு அவர் பதில் சொல்லாமல் போகலாம். அப்போது அவர் உன்னோடு போனில் இல்லாமலும் போகலாம்.

மாற்றித் தராதே. உனக்குக் கோடிப் புண்ணியம்.

உன்மேல் உயிரையே வைத்திருக்கும்,
தம்பி