தொண்ணூற்றைந்து மார்க்

அன்பு மகளுக்கு அம்மா எழுதுவது. நீயும் மாப்பிள்ளையும் என் பேத்தியும், வயிற்றுக்குள் இருக்கிற குட்டியும் சுகமாக இருப்பீர்கள் என்ற நம்பிக்கையில்தான் பேனாவை எடுத்தேன். இங்கே உன் அப்பா சுகம், காது மட்டும் வேண்டியதைக் கேட்கிறது வேண்டாததை விட்டுவிடுகிறது, அது நோயா சாமர்த்தியமா என்று டாக்டருக்கே தெரியவில்லை. என் சுகத்தைப் பற்றித்தான் இந்தக் கடிதம் முழுக்க. போனில் சொல்லியிருக்கலாம், ஆனால் போனில் நான் ஒன்று ஆரம்பித்தால் நீ நடுவில் புகுந்து விளக்கம் சொல்வாய், நான் சொல்ல வந்தது தொண்டையோடு நின்றுவிடும். அதுவும் போக உன் சித்தி வருகிற வியாழக்கிழமை உன் வீட்டுக்குக் கிளம்புகிறாள், பையைக் கீழே வைப்பதற்குள் இந்தக் கதையைத்தான் எடுப்பாள், கையைத் தட்டிச் சிரித்துக்கொண்டு சொல்வாள். அவள் வாயால் கேட்பதற்கு முன்னால் என் கையெழுத்தில் நீ படித்துவிட வேண்டும். என் முட்டிக்கு ஆபரேஷன் தேவையில்லை என்று டாக்டர் சொல்லிவிட்டதாக உன்னிடம் சொன்னேன் இல்லையா, அது பொய்.

நடந்தது இதுதான். எட்டு மாதத்துக்கு முன்னால் நானும் உன் சித்தியும் ஒரே பஸ்ஸில் அரசு ஆஸ்பத்திரிக்குப் போனோம். டாக்டர் எங்கள் இரண்டு பேர் எக்ஸ்ரேயையும் ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்துவிட்டு, அக்கா தங்கச்சிக்குத் தேய்மானம்கூட ஒண்ணு போலவே இருக்கே என்றார். இரண்டு பேருக்கும் முட்டி மாற்ற வேண்டும், ஆனால் இந்த வருஷம் நாற்பது முட்டிக்குத்தான் பணம் வந்திருக்கிறது, யாருக்கு முதலில் என்று ஒரு தாளை வைத்துத்தான் முடிவு செய்வோம் என்று அடுத்த அறைக்கு அனுப்பினார். அங்கே ஒரு சின்னப் பெண் ஐந்து கேள்வி கேட்டாள். நடக்க முடிகிறதா, தானாகக் குளித்து உடுத்த முடிகிறதா, வழக்கமான வேலை ஓடுகிறதா, வலி எவ்வளவு, மனக்கவலை எவ்வளவு. கடைசியில் காய்ச்சல் பார்க்கிற கருவி மாதிரி நெட்டுக்குத்தாக ஒரு படம், அடியில் சைபர், உச்சியில் நூறு, இன்றைக்கு உங்கள் உடம்பு எந்த இடத்தில் இருக்கிறதோ அங்கே கோடு போடுங்கள் என்றாள். தாளின் அடியில், எந்த வைத்தியத்துக்கு எவ்வளவு பணம் என்று கணக்குப் போடுகிற உன் ஆபீஸ் பெயர் அச்சடித்திருந்தது. என்னால் சும்மா இருக்க முடியுமா, இது என் பொண்ணு வேலை பார்க்கிற ஆபீஸ்தான்மா என்று சொல்லிவிட்டேன். அந்தப் பெண் எழுந்தே நின்றுவிட்டாள், உங்க பொண்ணா இதைத் தயார் பண்ணாங்க என்று கேட்டாள். அதற்கப்புறம் நான் எப்படி உன் தாளிடம் போய் என்னால் முடியவில்லை என்பேன்? ஐந்தாம் வகுப்புக்குப் பிறகு நான் எழுதிய ஒரே பரீட்சை அது, கேள்வி போட்டது என் மகள். ஐந்துக்கும் ஒரு தொந்தரவும் இல்லை என்று சொல்லி, படத்தில் தொண்ணூற்றைந்தில் கோடு போட்டேன். நூறு போட்டால் திமிர் என்று நினைப்பார்கள் என்றுதான் ஐந்தை விட்டேன்.

உன் சித்தி போட்டது முப்பத்தைந்து. திரும்பி வரும்போது பஸ்ஸில் வழி முழுக்க அவளைக் கிண்டல் செய்தேன், பத்தாவது படிச்சவளுக்கு இவ்வளவுதானா மார்க் வாங்கத் தெரிஞ்சுது என்று. அவள் முட்டியைத் தேய்த்துக்கொண்டே வந்தாள். இரண்டாம் மாதம் அவளுக்கு ஆபரேஷனுக்குக் கடிதம் வந்தது, எனக்கு வந்த கடிதத்தில் வரிசை எண் இருநூற்றுப் பன்னிரண்டு. நான் விடுவேனா, தாளை மாற்றி வைத்துவிட்டார்கள் என்று சண்டை போடப் போனேன். அந்தப் பெண் தாளை என் பக்கம் திருப்பி, அம்மா, இது மார்க் இல்லை, கம்மியா இருக்கிறவங்களைத்தான் முதல்ல கூப்பிடுவோம், நீங்க நல்லா இருக்கீங்கன்னுதானே எழுதியிருக்கீங்க என்றாள். வாசலில் இருந்த நாற்காலியில் கொஞ்ச நேரம் உட்கார்ந்திருந்துவிட்டுத்தான் வந்தேன்.

இப்போது உன் சித்தியைப் பார்க்க வேண்டுமே. வெள்ளை ஷூ வாங்கிப் போட்டுக்கொண்டு தினமும் காலையில் நம் வீட்டு வழியாகத்தான் நடை. அவள் வீட்டிலிருந்து பால் கடைக்கு நம் தெரு வழியே இல்லை, இருந்தாலும் சுற்றிக்கொண்டு வருகிறாள். முட்டியில் இருக்கிற தழும்பைப் புது நகையைக் காட்டுகிற மாதிரி எல்லோருக்கும் காட்டுகிறாள், நம்ம பொண்ணு போட்ட கணக்குல கிடைச்ச கால் என்று சொல்கிறாள். நம்ம பொண்ணாம். போன வாரம் என் ஈரத்துணிக் கூடையைப் பிடுங்கிக்கொண்டு, நீ உட்காருக்கா நான் மாடியில் காயப்போட்டுட்டு வரேன் என்று தடதடவென்று ஏறிவிட்டாள். உதவிதான் செய்தாள். ஆனால் அந்தத் தடதட சத்தம் என் தலைக்கு மேலேயே நடந்தது போல இருந்தது. நீ குழந்தையாக இருந்தபோது காய்ச்சல் வந்தால் சித்தி மடிதான் வேண்டும் என்று அழுவாய், அப்போதிருந்தே எனக்கு வயிறு எரியும், அவளுக்குப் பிள்ளை இல்லையே என்று அதை வெளியே சொன்னதில்லை. பொறாமை என்று எழுதக் கூசுகிறது, வேறு சொல் எனக்குத் தெரியவில்லை.

அவள் தாளில் பொய் சொல்லிவிட்டாள் என்று நினைக்காதே. குளியலறையில் விழுந்து, பக்கத்து வீட்டுக்காரி வருகிற வரைக்கும் ஒரு மணி நேரம் தரையிலேயே கிடந்திருக்கிறாள், அந்தப் பக்கத்து வீட்டுக்காரி சொல்லித்தான் எனக்கே தெரிந்தது. அதை என்னிடம் சொல்லவில்லை, உன் தாளிடம் சொல்லியிருக்கிறாள். அந்தத் தாள் மேல்கூட எனக்குப் பொறாமைதான்.

பிரசவத்துக்கு யார் வருவது என்று நீ கேட்ட அன்றைக்கு, மூணு மாடிம்மா, லிஃப்ட் கிடையாது, உன்னால முடியுமா என்றாய். நான் வாயைத் திறப்பதற்குள் அவள் போனை வாங்கி நான் வரேன்டா கண்ணு என்றுவிட்டாள். மறுநாள் நம் மாடிப்படியில் ஏறிப் பார்த்தேன். பதினெட்டுப் படியில் ஏழு ஏறினேன். இறங்கும்போது, உன் மகள் ஒரு வயதில் இறங்குவாளே, உட்கார்ந்து உட்கார்ந்து, அப்படித்தான் இறங்கினேன். உன் அப்பா பார்த்தார், பேப்பரைத் தூக்கி முகத்துக்கு நேராகப் பிடித்துக்கொண்டார். என் மகளுக்குப் பிறக்கிற பிள்ளையை, என் மகள் போட்ட கணக்கில் கிடைத்த காலில் போய் அவள் தூக்கப்போகிறாள். நான் இங்கே உட்கார்ந்து போட்டோ பார்க்க வேண்டும்.

உன் கணக்கு எனக்குப் புரியாமல் இல்லை. ஒரு முட்டிக்கு ஆகிற பணத்தில் எட்டுப் பேருக்குக் கண் தெரியவைக்கலாம் என்று சொன்னாயே, நாற்பது வருஷம் துணி வெட்டியவளுக்கு அது தெரியாதா, ஒரு கோட்டு வெட்டுகிற துணியில் ஆறு பிள்ளைகளுக்குச் சட்டை வெட்டலாம். பக்கத்து வீட்டு ரிட்டயர்டு டிரைவருக்கு உங்கள் புண்ணியத்தில் கண் வந்துவிட்டது, தெருவே கேட்கிற மாதிரி பேப்பர் படிக்கிறார், அதில் எட்டில் ஒரு பங்கு என் முட்டி என்று மனதுக்குள் திட்டுவேன். அவரே முந்தாநாள் வந்து என் ஊசியில் நூல் கோத்துக் கொடுத்துவிட்டுப் போனார், திட்டுவதற்கும் வழியில்லை. கடைத்தெருவில் யார் கேட்டாலும், எந்த வைத்தியத்துக்கு எவ்வளவு பணம் என்று என் மகள்தான் யோசித்துச் சொல்கிறாள் என்பேன், பாதிப் பேர் நீ பாங்கில் வேலை செய்கிறாய் என்று நினைத்துக்கொண்டிருக்கிறார்கள், இருக்கட்டும்.

ஆனால் ஒன்று சொல்கிறேன், கோபித்துக்கொள்ளாதே. நான் யாருக்கு அளவு எடுத்தாலும், டேப் இடுப்பில் பட்டதும் வயிற்றை எக்கிக்கொள்வார்கள். அந்த அளவுக்குத் தைத்தால் பட்டன் தெறிக்கும். அதனால் டேப்பைப் போட்டபடி வீட்டில் எல்லாரும் எப்படி இருக்காங்க என்று பேச்சுக் கொடுப்பேன், பதில் சொல்லும்போது மூச்சு விடுவார்கள், அப்போது எண்ணைப் பார்த்துக்கொள்வேன். உன் தாள் எங்களை எக்கிக்கொண்டிருக்கும்போது அளந்துவிட்டது. நான் மட்டும் இல்லை. மறுபடி போனபோது கூடத்தில் காத்திருந்தவர்களிடம் கேட்டேன். ஒரு அம்மாவுக்கு மருமகள் பக்கத்திலேயே நின்றாளாம், அவ முன்னாடி என்னால குளிக்க முடியலைன்னு சொன்னா அடுத்த நாளே என் சமையலறை போயிடும் என்றாள். ஒரு வாட்ச்மேன், நடக்க முடியலைன்னு எழுதிக் கொடுத்து அது என் முதலாளிகிட்டப் போச்சுன்னா என்ன பண்றது என்றார். எல்லோரும் எண்பது, தொண்ணூறு. முந்தின வருஷம் இங்கே அறுபது முட்டி செய்தார்கள், அப்போது வாங்கிய இந்த ஊர்த் தாள்களில் முட்டி வலி குறைவாக இருந்ததால்தான் இந்த வருஷம் நாற்பது ஆனது என்று அந்தப் பெண் சொன்னாள். வலி குறையவில்லை, நாங்கள் வயிற்றை எக்கினோம்.

அதனால் அந்தப் படத்துக்கு மேலே பெரிய எழுத்தில் இது மார்க் இல்லை என்று அச்சடிக்கச் சொல். கூட வந்தவர்களை வெளியே உட்காரச் சொல்லிவிட்டுக் கேட்கச் சொல், வேலைக்குப் போகிறவர்களிடம் இது வேறு யாருக்கும் போகாது என்று முதலிலேயே சொல்லிவிடச் சொல். இன்னொன்று, கால் எதற்கு வேண்டும் என்று உன் தாளில் எங்கேயும் கேட்கவில்லை. கேட்டிருந்தால் மூன்று மாடி என்று நானே சொல்லியிருப்பேன், பொய் சொல்ல வாய் வந்திருக்காது. அதை எண்ணாக எப்படி மாற்றுவது என்பது உன் பாடு, படித்தவள் நீதானே. ஆனால் என் வரிசை எண்ணில் நீ கை வைக்கக் கூடாது. உன்னிடம் ஒரு வார்த்தை சொல்லிப் பார்க்கலாமா என்று இரண்டு நாள் நினைத்தேன், மறைக்கவில்லை. அப்புறம் இருநூற்றுப் பதினொன்றாவது ஆளும் ஏதோ ஒரு படியில் உட்கார்ந்து உட்கார்ந்துதான் இறங்குவார் என்று தோன்றியது, விட்டுவிட்டேன். ஒருமுறை எழுதினால் ஒரு வருஷம் கழித்துத்தான் மறுபடி கேட்பார்களாம், எனக்கு இன்னும் நாலு மாதம். அதற்குள் குழந்தை பிறந்து குப்புற விழப் பார்க்கும். இந்தத் தடவை முப்பது என்று போடப்போகிறேன். அதில்கூட சித்தியைவிட ஐந்து குறைத்து முந்தப் பார்க்கிறாள் என்று சிரிக்காதே, நிஜமாகவே முப்பதுதான்.

சித்தி வரட்டும். மாத்திரையை ஒழுங்காகச் சாப்பிடு, சும்மா சும்மா படி ஏறி இறங்காதே, கனமான எதையும் தூக்காதே, மாப்பிள்ளையிடமும் நான் சொன்னதாகச் சொல். மிஷினை மிதிக்க முடியாததால் ஆறு சட்டை கையாலேயே தைத்துக் கொடுத்தனுப்புகிறேன், தையல் கோணலாக இருந்தாலும் உள்பக்கம் உறுத்தாது. பிறந்த பிள்ளையை அவள் குளிப்பாட்டட்டும், மடியில் போட்டுக்கொள்ளட்டும், அவள் கை நல்ல கை, உன்னை வளர்த்த கை. ஆனால் மறந்துவிடாதே, பேச்சு வருகிற பிள்ளை உன் பெரியவள், அவளுக்கு இப்போதே சொல்லிக்கொடு, தம்பியோ தங்கையோ வந்தால் அதுவும் அதையேதான் சொல்லும். உன் சித்தி அவர்களுக்குச் சின்னப் பாட்டி. வெறும் பாட்டி என்று கூப்பிட்டால் அவள் கண்டிப்பாகத் திருத்த மாட்டாள், நீதான் திருத்த வேண்டும். அந்த இடம் காலியாகவே இருக்கட்டும், நாளானாலும் நான் ஏறி வந்து உட்கார்ந்துகொள்கிறேன்.

நீங்கள் எல்லோரும் நோய்நொடி இல்லாமல், சுகப்பிரசவமாகி, நிறைவாக இருக்க வேண்டும் என்று ஆசீர்வதிக்கும்

உன் அம்மா,
உன் பிள்ளைகளுக்குப் பாட்டி.