பெரிய எழுத்துப் பதிப்பு

என்னங்க,

அக்காவை நிதானமாக வாசிக்கச் சொல்லுங்கள்.

ஜெர்மன் புத்தகங்கள் வந்து இறங்கிவிட்டன. நீங்கள் குறித்துக்கொடுத்த நாவல்களையெல்லாம் பெரிய எழுத்துப் பதிப்பாகவே வாங்கினேன். ஒவ்வொன்றும் தலையணை சைஸ். இது பல்கலைக்கழக நூலகமா, முதியோர் இல்லமா என்று துறைத்தலைவர் முறைத்தார். பிள்ளைகள் கண்ணைக் கெடுத்துக்கொள்ள வேண்டாமே என்று சமாளித்தேன்.

உங்கள் வகுப்பை வேறு யாருக்கும் கொடுக்கவில்லை. புது அகராதிக்கு இன்னும் முத்திரை குத்தவில்லை. வழக்கம்போல நீங்கள்தான் முதலில் புரட்ட வேண்டும்.

உங்கள்
நூலகக்காரி

அக்கா, இதை மட்டும் உங்கள் தம்பிக்கு வாசிக்காதீர்கள். கண்கட்டைப் பிரித்ததும் டாக்டர் என்ன சொன்னார்? தம்பி பக்கத்தில் இருப்பதால் போனில் மழுப்புகிறீர்கள். அடுத்த ஆர்டரையும் பெரிய எழுத்தில் போடட்டுமா, ஒலிநூலாகவே போட்டுவிடட்டுமா?