சரோஜாவைத் திருத்திய காலை

புதன், டிசம்பர் 18

கால் கடுக்கிறது, ஆனாலும் தூக்கம் வரவில்லை.

செங்கம் ரோட்டில் என் மனைவி சரோஜா டிபன் கடை நடத்துகிறாள். நான் ரிட்டயர் ஆனதிலிருந்து தட்டு கொண்டுபோய் வைக்கிறேன். இன்று காலை ஒரு வெள்ளைக்கார அம்மா அடை பிரமாதம் என்றார். சரோஜா தன்னைக் காட்டி "மீ குக்" என்றாள். என்னைக் காட்டி "ஹிம் பிரிங்" என்றாள். அந்த அம்மாவுக்குப் புரிந்துவிட்டது, சிரித்தார்.

அதோடு விட்டிருக்கலாம். முப்பது வருஷம் இங்கிலீஷ் இலக்கணம் நடத்திய வாய் சும்மா இருக்கவில்லை.

"மீ இல்ல, ஐ. ஹிம் இல்ல, ஹீ. எத்தினி வாட்டி சொல்றது?"

கடை நிறைய ஆட்கள். அதற்குப் பிறகு சரோஜா யாரிடமும் பேசவில்லை. கிளம்பும்போது அந்த அம்மா அவளைப் பார்த்துவிட்டு என்னிடம் ஏதோ கேட்டார். அந்த வேகத்தில் ஒரு சொல்கூட எனக்குப் பிடிபடவில்லை. சரோஜாவைப் பார்த்தேன். அவள் அடையைத் திருப்பிப் போட்டாள். "எஸ், எஸ்" என்று சொல்லி வைத்தேன். அந்த அம்மாவின் முகம் வாடிவிட்டது.

மதியம் வண்டியில் வீட்டுக்கு வரும்போது கேட்டேன்.

"அந்தம்மா இன்னாதான் கேட்டுச்சு?"

"உங்க வீட்டம்மா உங்க மேல கோவமா இருக்காங்களானு கேட்டுச்சு."

கொஞ்ச தூரம் போனதும் முதுகுக்குப் பின்னாலிருந்து குரல் வந்தது.

"சரியாத்தான் சொன்னீங்க."

சிரிக்கிறாளா என்று கண்ணாடியில் பார்த்தேன். முகத்தை ரோட்டுப் பக்கம் திருப்பிக்கொண்டிருந்தாள்.