உட்காரச் சொல்லாத மிஸ்

ஜூலை 15, செவ்வாய், இரவு

சாரலில் நனைந்து கணக்கு மிஸ்ஸுக்குக் காய்ச்சல். ஏழாம் வகுப்பில் ஒரு பீரியட் இருக்கும்படி தலைமையாசிரியையான பெரிய மிஸ் என்னிடம் சொன்னார்கள். பள்ளியில் மணி அடிப்பதும் தண்ணீர் பிடித்து வைப்பதும்தான் என் வேலை. நானே ஒன்பதாவதோடு நின்றவள்.

உள்ளே போனதும் எல்லோரும் எழுந்து, "குட் மார்னிங் மிஸ்" என்று இழுத்தார்கள். கேலி செய்கிறார்கள் என்று நினைத்துத் தலையைக் குனிந்துகொண்டேன். யாரும் உட்காரவில்லை. கடைசியில் முன்பெஞ்சில் நின்ற ஒருத்தி, "உக்காரச் சொல்லுங்க மிஸ், காலு வலிக்கு" என்றாள். நான் சொல்வதற்காகத்தான் அத்தனை பேரும் நின்றிருக்கிறார்கள். பிறகு போர்டில் ஒரு பின்னக் கணக்குப் போட்டேன். என் குரல் கடைசி பெஞ்சு வரைக்கும் கேட்டது. எங்கிருந்து வந்ததோ தெரியவில்லை.

சாயங்காலம் பெரிய மிஸ், "பத்தாவத பிரைவேட்டா எழுதுதியா? பொறவு பிளஸ் டூ, காலேஜ், பி.எட். நீயும் மிஸ் ஆகலாம். நாளைக்குச் சொல்லு" என்றார்கள்.

வீட்டில் சொன்னதும் அம்மா சிரித்துவிட்டாள். "ஏட்டி, வீட்டுக்கு ஆளு வந்தா அடுப்படிக்குள்ள ஓடுத. நீ டீச்சரா?"

அதுவும் உண்மைதான். பிள்ளைகளைப் பெற்றவர்கள் வந்து கேள்வி கேட்டால் எனக்கு வாய் வருமா? படித்து முடிக்கும்வரை வீட்டில் விடுவார்களா? நாளை என்ன சொல்வது? அதை யோசிக்கத்தான் உட்கார்ந்தேன். ஆனால் நாலில் மூன்றை ஒரு தோசை வரைந்து காட்டியிருந்தால் எல்லோருக்கும் புரிந்திருக்குமே என்றுதான் மனம் போகிறது.