இரண்டு மணி நேரச் சர்க்கரைச் சோதனையை மணமாகாத பெண்களுக்கும் செய்யக் கோரி

அனுப்புநர்
இருக்கை தைப்பவர்,
பேருந்துப் பணிமனை,
பணிமனைக் குடியிருப்பு.
(பெயரும் கதவு எண்ணும் இணைத்துள்ள மருத்துவமனைச் சீட்டில் உள்ளன. மனு பல மேசைகளைத் தாண்டிப் போகும், இங்கே எழுத வேண்டாம் என்பது மகளின் விருப்பம்.)

பெறுநர்
தலைமை மருத்துவ அதிகாரி அவர்கள்,
அரசு பொது மருத்துவமனை.

பொருள்: சினைப்பை நீர்க்கட்டி உள்ள என் மகளுக்கு ஆய்வகத்தில் சோதனை மறுக்கப்பட்டது தொடர்பாக.

மதிப்பிற்குரிய ஐயா,

வணக்கம். நான் பத்தாம் வகுப்பு வரை போனவன். அதற்கு மேல் பத்தாம் வகுப்பு என்னை விடவில்லை. இதில் மருத்துவப் பிழை ஏதும் இருந்தால் அது என்னுடையது, விளக்கிச் சொன்ன டாக்டரம்மாவுடையது அல்ல.

1. என் மூத்த மகள் மூக்குக் கண்ணாடிக் கடையில் வேலை பார்க்கிறாள். வயது இருபத்திரண்டு. மாதவிலக்கு மூன்று நான்கு மாதம் தள்ளிப் போகும். பின்கழுத்தில் கருமை படர்ந்தது. அழுக்கென்று நினைத்து அவள் அம்மா தேய்த்தாள். என் பங்குக்கு நான் விதவிதமாகச் சோப்பு வாங்கி வந்தேன். கழுத்து அப்படியே இருந்தது, சோப்புதான் கரைந்தது. கடைசியில் ஒருநாள், “அது அழுக்கு இல்லப்பா, விட்டுடுங்க” என்றாள். அதன் பிறகே தங்கள் மருத்துவமனைக்கு அழைத்து வந்தோம்.

2. மகளிர் பிரிவு டாக்டரம்மா ஸ்கேன் பார்த்துவிட்டுப் பொறுமையாக விளக்கினார். இந்த நீர்க்கட்டி உள்ள பலருக்கு உடம்பு இன்சுலினின் பேச்சைச் சரியாகக் கேட்பதில்லையாம். அதனால் உடம்பு கூடுதலாக இன்சுலின் சுரந்து சர்க்கரையைக் கட்டுக்குள் வைக்கிறதாம். கழுத்துக் கருமையும் அதன் அடையாளமாக இருக்கலாமாம். எனக்குப் புரிந்தது இவ்வளவு: பிரேக் பிடித்தபடியே ஓடும் பேருந்தும் சரியான வேகத்தில்தான் போகும், இன்ஜின் மட்டும் கொதித்துக்கொண்டிருக்கும். வெறும் வயிற்றுச் சர்க்கரையை மட்டும் பார்த்தால் போதாது என்று, குளுக்கோஸ் தண்ணீர் குடித்து இரண்டு மணி நேரம் கழித்துப் பார்க்கும் சோதனையையும் இன்சுலின் அளவையும் எழுதிக் கொடுத்தார்.

3. ஆய்வக ஜன்னலில், குளுக்கோஸ் சோதனை புதன்கிழமை, கர்ப்பிணிகளுக்கு மட்டும் என்று ஒட்டியிருக்கிறது. நாங்கள் அதைக் கவனிக்காமல் புதன்கிழமையே வரிசையில் நின்றோம். ஜன்னலில் இருந்த அம்மையார் சீட்டை வாங்கிக்கொண்டு, நிமிராமலே, “எத்தனை மாசம்? கார்டு எங்கே?” என்று கேட்டார். மகள் என்னைத் திரும்பிப் பார்த்தாள். உதவி செய்வதாக எண்ணி நான் முன்னால் போனேன். பணிமனையில் இன்ஜின் சத்தத்துக்கு மேலே பேசிப் பழகிய தொண்டை எனக்கு. “இவளுக்கு இன்னும் கல்யாணமே ஆகலைம்மா” என்றது மருந்து வாங்கும் வரிசை வரை கேட்டிருக்கும். எல்லாத் தலைகளும் திரும்பின. கர்ப்பிணி அட்டை இல்லாமல் செய்ய விதியில்லை என்று வெறும் வயிற்று ரத்தம் மட்டும் எடுத்து அனுப்பினார்கள்.

4. முடிவு ‘நார்மல்’ என்று வந்தது. அதை வைத்துக்கொண்டு அவள் அத்தை, உடம்பில் ஒன்றுமில்லை, வாயைக் கட்டினால் போதும் என்று தீர்ப்புச் சொல்லிவிட்டாள். அன்றிலிருந்து மகள் எங்களோடு உட்கார்ந்து சாப்பிடுவதில்லை. வெயிலிலும் கழுத்தைச் சுற்றித் துணி போட்டுக்கொண்டு கடைக்குப் போகிறாள். உடம்பு உண்மையில் எப்படி இருக்கிறது என்று தெரியாமலே பிள்ளை பழி சுமக்கிறாள். நோய் இருந்தால் வைத்தியம் பார்க்கலாம். இல்லாவிட்டால் நிம்மதியாவது கிடைக்கும். எங்களிடம் இப்போது இரண்டும் இல்லை.

5. ஜன்னல் அம்மையார் மீது புகார் இல்லை. ஒட்டியிருந்த தாளின்படி நடந்தார். என் புகார் அந்தத் தாளின் மீது மட்டுமே.

ஆகவே ஐயா, டாக்டர் எழுதிக் கொடுத்தால் அட்டை கேட்காமல் எந்தப் பெண்ணுக்கும் இச்சோதனையைச் செய்யவும், அதற்கு இன்னொரு நாள் ஒதுக்கவும், கேட்க வேண்டியதைப் பக்கத்து அறையில் கூப்பிட்டுக் கேட்கவும் உத்தரவிட வேண்டுகிறேன். இன்சுலின் சோதனை அங்கே இல்லையென்றால் எங்கே செய்வார்கள் என்றாவது எழுதித் தந்தால் போதும்.

மகள் இனி வரமாட்டேன் என்றிருந்தாள். நானும் அவள் அம்மாவும் கெஞ்சியதில், ஜன்னலருகே அப்பா வாய் திறக்கக் கூடாது என்ற நிபந்தனையோடு இன்னும் ஒரே ஒரு தடவை வருவதாகச் சொல்லியிருக்கிறாள். அந்த நிபந்தனைக்கு இம்மனு மூலம் நான் கட்டுப்படுகிறேன். அந்த ஒரு தடவை தங்கள் கையில் இருக்கிறது, ஐயா. அவளை மறுபடியும் திருப்பி அனுப்பினால், மூன்றாம் முறை கூட்டி வர எனக்குச் சொல் இல்லை.

தங்கள் உத்தரவுக்குக் காத்திருக்கும்,
(கையொப்பம்)
பெண்ணின் தந்தை

இடம்: பணிமனைக் குடியிருப்பு
நாள்: 14.6, வியாழக்கிழமை

இணைப்பு: டாக்டரின் சீட்டு, ஸ்கேன் அறிக்கை, ‘நார்மல்’ என்ற முடிவு.