பாலத்தில் தட்டிய இன்ஜின்

மாமா,

குக்கர் கைப்பிடி ஆடுகிறதே என்று தையல் மிஷின் டிராயரைத் துழாவினேன். உங்கள் குட்டை ஸ்க்ரூடிரைவர் அகப்பட்டது. அதில் இன்னும் பெட்ரோல் வாடை அடிக்கிறது. நீங்கள் போய் இத்தனை வருஷம் கழித்து எப்படி அடிக்கும் என்று கேட்காதீர்கள், எனக்கு அடித்தது.

செம்மண்டலத்து வீட்டு வாசலில், ஞாயிறுதோறும் நமக்கு அந்தப் பழைய காரோடுதான் பொழுது. கார்புரேட்டரின் சின்ன ஸ்க்ரூவை ஒரு கையால் திருப்புவீர்கள். இன்னொரு கை மட்கார்டின் மேல் இருக்கும். "கைக்கே தெரியும் புள்ள" என்பீர்கள். கண் மட்டும் என்மேல்தான். திணறித் திணறி ஓடும் இன்ஜின் சீரானதும் நான் விரலைத் தூக்குவேன். உங்கள் கை நிற்கும். காது மந்தமாகிவிட்டது என்று மட்டும் ஒப்புக்கொள்ள மாட்டீர்கள். டாக்டர் பேச்செடுத்தால் நாலு நாளைக்கு முகத்தைத் தூக்கி வைத்துக்கொள்வீர்கள்.

நம் பெரியவளுக்குச் சிதம்பரத்தில் காலேஜ் கவுன்சிலிங். நேரத்துக்குப் போகாவிட்டால் சீட் போய்விடும். முந்தின நாள் நான் மாவரைக்கப் போன சமயம் பார்த்து, என் காது இல்லாமல் நீங்களே தனியாக இன்ஜினுக்கு டைமிங் வைத்திருந்தீர்கள். வெள்ளாற்றுப் பாலத்தில் ஏறும்போது இன்ஜின் கணகணவென்று தட்டியது.

"மாமா, தட்டுது. ஓரங்கட்டுங்க."

"என்னா தட்டுது? நல்லாதான போவுது."

"நெசமாவே தட்டுதுப்பா" என்றாள் பெரியவள்.

சூட்டு முள் ஏறிக்கொண்டே போனது. இப்படியே ஓட்டினால் வண்டி வழியிலேயே படுத்துவிடும். பாலம் தாண்டி நிறுத்தினீர்கள். ஓடும் இன்ஜினிலேயே, டைமிங்கை மாற்றும் டிஸ்ட்ரிபியூட்டரின் போல்ட்டைத் தளர்த்திய பிறகும் திருப்பாமல் அப்படியே நின்றீர்கள். பெரியவள் கைக்கடிகாரத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"எனக்குக் கேக்கல. நீயே சொல்லு" என்றீர்கள்.

நீங்கள் இம்மி இம்மியாகத் திருப்பினீர்கள். ஞாயிற்றுக்கிழமைச் சத்தம் வந்ததும் விரலைத் தூக்கினேன். அப்புறம் ஒரு தட்டல் இல்லை. பெரியவள் நேரத்துக்கு உள்ளே போனாள், கேட்ட பிரிவே கிடைத்தது. வெளியே காபி குடிக்கும்போது, "அடுத்த வாரம் டாக்டர்கிட்ட போவோமா?" என்று நீங்களாகவே கேட்டீர்கள். அன்றைக்கு உங்களை எனக்கு ரொம்பப் பிடித்தது மாமா.

இப்போது என் காதும் அப்படித்தான். குக்கர் விசில் சரியாகக் கேட்பதில்லை. இன்று பெரியவள் வந்திருக்கிறாள். கைப்பிடியை முடுக்கி, பருப்பை ஏற்றிவிட்டு, "எனக்குக் கேக்கல, நீயே சொல்லு" என்றேன். கொஞ்சமும் கூச்சமாக இல்லை.

அவள் அடுப்பருகே நின்று விசிலைக் கேட்டுக்கொண்டிருந்தாள். பிறகு என்னைப் பார்த்து விரலைத் தூக்கினாள்.