அமலினி வீட்டுச் சுவரும் சபையின் ஆய்வும்

ஜனவரி 20, திங்கள்
வட்டாரச் சபை ஆண்டுதோறும் தன் வேலைகளில் ஒன்றை எடுத்து, ஒழுங்காக நடக்கிறதா என்று துருவிப் பார்க்கும். எதை எடுப்பது என்று இன்று வாக்கெடுப்பு. வெளிநாட்டவர் சார்பில் எனக்கும் ஒரு வாக்கு. பல்லரோ சந்தைக்குப் பின்னால் சபை வாடகைக்கு விட்டிருக்கும் வீடுகளைச் சொன்னேன். அங்கே எங்கள் ஊர் அமலினியின் மகள் மொனிகா படுக்கும் அறை முழுக்கப் பூஞ்சணம். பிள்ளை மூச்சுக்கு அந்தரப்படுகிறது. போட்டிக்கு வந்தது, வியா மக்வேதா தெருவில் ஸ்கூட்டர் நிறுத்தும் பிரச்சினை. ஒரே வாக்கு வித்தியாசத்தில் பிள்ளை வென்றது. ஸ்கூட்டரோடு போட்டி!

ஜனவரி 21
ஒருமுறை ஆராய்ந்ததை இந்தச் சபை கலையும்வரை திரும்ப எடுக்க முடியாதாம். சபைத் தலைவி சிரித்துக்கொண்டே சொன்னாள்.

பெப்ரவரி 11
வெள்ளிக்கிழமை சபையின் ஆய்வுக் குழு அமலினி வீட்டை நேரில் பார்க்க வருகிறது. அவளிடம் சொன்னேன். "ஓம் அண்ணை, எல்லாம் ஆயத்தமா வைக்கிறன்" என்றாள். ஆயத்தம் செய்ய என்ன இருக்கிறது? பூஞ்சணம் தன்பாட்டுக்கு இருக்கிறது.

பெப்ரவரி 14, வெள்ளி
மண்டை கொதிக்கிறது. சுவர் பால் வெள்ளை! வேலைக்கு லீவு போட்டு, பிளீச் ஊற்றித் தேய்த்து, பெயின்ற் அடித்து, புதுத் திரையும் தொங்கவிட்டிருக்கிறாள். மேசையில் சுடச்சுடப் பொரித்த றோல்ஸ். தலைவி சுவரைத் தடவிப் பார்த்து, "எவ்வளவு அழகாக வைத்திருக்கிறீர்கள்" என்றாள். என் போனில் இருந்த பழைய படங்களைக் காட்டினேன். நேரில் பார்த்ததைத்தான் எழுதலாமாம். சொல்லும்போது கையில் இரண்டாவது றோல்ஸ்.

அவர்கள் போனதும் கத்தினேன். "உனக்கென்ன விசரோ?"

"ஆக்கள் வரேக்கை ஊத்தையைக் காட்டுறதோ அண்ணை? கிளீனிங் செய்யிறவளின்ரை வீடு இப்பிடியோ எண்டு நினையாயினமோ?"

பெயின்ற் மணத்தில் மொனிகா படியில் இருந்து இருமினாள். "மாமா, பெல்லிஸ்ஸிமோ, என்ன?"

ஓம், வடிவுதான். நாசமாய்ப் போக.

மார்ச் 24
அறிக்கை: வீடுகள் திருப்தியான நிலையில் உள்ளன. எதிர்த்து உயர்ந்தது என் கை மட்டும்.

ஏப்ரல் 7
மழை. மொனிகாவின் அறை மூலையில் கறுப்பு திரும்பிவிட்டது.

ஏப்ரல் 14
அமலினிக்குப் புது வேலை, தலைவி வீட்டில். "என்ரை சுவரைப் பாத்துத்தான் அண்ணை கூப்பிட்டவ." முகமெல்லாம் பெருமை. தலைவியின் குளியலறையில் கொஞ்சம் பூஞ்சணமாம். அந்தச் சிஞ்ஞோரா அம்மாவுக்கு அந்த மணம் ஒத்துக்கொள்ளாதாம், இன்றைக்கே போக்க வேண்டுமாம். அவள் வரும்வரை மொனிகா என்னிடம். கட்டிலில் உட்கார்ந்தபடியே தூங்குகிறாள். படுத்தால் மூச்சு வராது.